தண்ணி நிப்பாட்டும் காலம்

உரும்பிராயில் எங்கள் வளவுக்குள்ளேயே பூக்கண்டு வளர்த்து விற்கிறேன். வாங்க வருகிற சனம் படலையைத் திறந்த கையோடு கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அக்கா, போன வருஷம் கொண்டுபோன மல்லிகை நல்லாய்த் தழைச்சு நிக்குது. ஏன் பூக்கேல்லை?" நான் திருப்பிக் கேட்பேன்: "எத்தினை நாளைக்கு ஒருக்கால் தண்ணி விடுறியள்?" "நாள் தவறாமல் விடுறம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். பூக்காததற்குக் காரணம் அந்தப் பதிலுக்குள்ளேயே இருக்கும்.

தண்ணீர் இலையைத் தரும். பூ வேண்டுமென்றால் அந்தத் தண்ணீரை எப்போது நிறுத்துவது, எவ்வளவு காலம் நிறுத்தி வைப்பது, எந்த நேரத்தில் மறுபடி அள்ளி ஊற்றுவது என்று தெரிய வேண்டும். எல்லாச் செடிக்கும் இது பொருந்தாது. ரோசாவையும் அந்தூரியத்தையும் தாகத்தில் விட்டால் போய்விடும். ஆனால் யாழ்ப்பாணத்து முற்றங்களில் தலைமுறை தலைமுறையாக நிற்கிற பூக்களில் பெரும்பாலானவை வரட்சி கண்ட பிறகுதான் மனம் வைத்துப் பூக்கும். மல்லிகையும் காகிதப்பூவும் கொன்றையும் மாமரமும் அந்த வகைதான்.

தண்ணீரை அள்ளி ஊற்றுகிறவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. இது ஆறில்லாத ஊர். வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது. மாரி வெள்ளத்தைத் திரட்டிக்கொண்டு போய் அராலிப் பக்கம் கடலில் விழும். மழை முடிந்தால் அதுவும் முடிந்தது. மற்றதெல்லாம் கிணறுதான். எங்கள் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லின் வெடிப்பிலும் பொந்திலும் மழைத்தண்ணீர் போய்த் தங்குகிறது. அதற்கும் கீழே கடல்நீர் இருக்கிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது என்பதால் உவர்த்தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. வருஷத்துக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களுக்கு நாங்கள் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த மூன்று மாதச் சேமிப்பைத்தான்.

இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பார்கள். துலாவில் ஏறி மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்துக்கு அது முழு உண்மை. மனிதக் கையும் காலும் ஓயும்போது கிணறும் ஓய்ந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து போனால் மேலே இருக்கிற நல்ல தண்ணீர் குறைந்து அடியிலிருக்கிற உவர் ஏறிவரும். கரையோரக் கிராமங்களில் இது நாளாந்தக் கதை. அங்கே இருந்து வருகிறவர்கள் செவ்வரத்தையின் இலை நுனி கருகிப்போவதைக் காட்டி என்ன நோய் என்று கேட்பார்கள். நான் இலையைப் பார்க்க முதல் அவர்களுடைய கிணற்றைப் பற்றிக் கேட்பேன். உவர்க் கிணற்றுக்காரருக்கு நான் கொடுக்கிற கண்டுகள் வேறு: அலரி, காகிதப்பூ, பட்டிப்பூ. அவற்றுக்குக் கொஞ்சம் உப்புப் பெரிதில்லை.

என்னுடைய வருஷம் ஐப்பசியில் தொடங்குகிறது. முதல் மழைக்கு மண் நனைந்து, அலவாங்கு போட்டால் இறங்குகிற பதத்துக்கு வந்தவுடன் கதியால் நடுவது, தடி வெட்டி வைப்பது, பதி வைப்பது எல்லாம் ஆரம்பிக்கும். பூவரசையும் கிளுவையையும் வேலிக்கு நட அதைவிட நல்ல நாள் இல்லை. நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் பென்சில் மொத்தத் தடியில் வேர் பிடிக்கும். எக்ஸோறாவுக்கும் குரோட்டனுக்கும் கொப்பில் பட்டையைச் சுற்றி உரித்து, நனைத்த தும்புத்தூளை வைத்துப் பொலித்தீனால் கட்டிப் பதி வைப்பேன். மழைக்காலத்துக் காற்றில் ஈரம் இருப்பதால் வேர் விரைவாக ஓடும். வடமாகாண சபை இருந்த காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தார்கள். ஊரில் மண்வெட்டி பிடித்த எவரைக் கேட்டாலும் அந்த மாதத்தைத்தான் சொல்லியிருப்பார். நடுகிற கண்டுக்கு முதல் இரண்டு மாதமும் வானமே தண்ணீர் ஊற்றுகிறது. கோடை வருவதற்குள் வேர் கீழே இறங்கிவிடும்.

அதே கார்த்திகையில் வேலிகளில் கார்த்திகைப்பூ ஏறும். கோடை முழுக்க அந்த இடத்தில் ஒன்றுமே இருந்திருக்காது. கிளுவை வேலியின் அடியில் காய்ந்த சருகுதான் கிடந்திருக்கும். மழை விழுந்து சில நாளில் மண்ணைக் கீறிக்கொண்டு ஒற்றைத் தண்டு எழும்பும். இலையின் நுனியைப் பாருங்கள்: கூராகப் போய்ச் சுருண்டு கிடக்கும். அந்தச் சுருளால் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டுதான் கொடி மேலே போகிறது. அதற்குத் தனியாகப் பற்றுக் கம்பி கிடையாது. மொட்டுப் பச்சையாகத் தலைகீழாகத் தொங்கும். விரிகிறபோது ஆறு இதழும் பின்பக்கமாக மேலே மடியும். முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கும். அடியில் மஞ்சளும் மேலே சிவப்புமாக இரண்டு மூன்று நாள் நிற்கும். கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிறத்திலும் பூ இருக்கும், ஏனென்றால் ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில் விரிந்தது. மகரந்தத் தாள்கள் ஆறும் சுற்றிவர வெளியே நீட்டிக்கொண்டிருக்க, நடுவிலிருந்து வருகிற சூல்தண்டு மட்டும் அடியிலேயே சட்டென்று மடங்கி ஒரு பக்கமாகப் போகும். தன் மகரந்தம் தன்மேல் இலகுவில் விழாமல் இருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. வண்ணத்துப்பூச்சி வந்து சிறகடித்தால்தான் காய் பிடிக்கும்.

தமிழ்நாட்டில் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் இதைக் கம்பி கட்டிப் பந்தலில் ஏற்றி வயல் வயலாகப் பயிர் செய்கிறார்கள். பூச்சியை நம்பாமல் காலையில் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். விதைக்காகத்தான் அந்தப் பாடு. அதிலுள்ள கொல்கிசின் கௌட் என்கிற மூட்டு வருத்தத்துக்கு மருந்து. அதே கொல்கிசின்தான் நஞ்சும். கிழங்கில் கொஞ்சம் உள்ளே போனாலும் ஆளைக் கொல்லும். அதனால் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு நான் கிழங்கு கொடுப்பதில்லை, எவ்வளவு கெஞ்சினாலும். ஆடு கட்டுகிற வேலிக்கும் கொடுப்பதில்லை.

இந்தப் பூவைச் சிம்பாப்வே தன் தேசிய மலராக வைத்திருக்கிறது. 1947இல் அந்தப் பக்கம் போன இளவரசி எலிசபெத்துக்கு இதே வடிவத்தில் வைரப் பதக்கம் செய்து கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக்கு இது மாநில மலர். விடுதலைப் புலிகளும் இதைத் தேசியப் பூவென்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் கார்த்திகைப்பூ வெறும் பூவாக இருக்கவில்லை. போர் முடிந்த வருஷங்களில் கிழங்கு கேட்டு வந்த சிலர் "றோட்டுப் பக்கம் வைக்கலாமோ?" என்று தயங்கியதைக் கண்டிருக்கிறேன். இப்போது அந்தத் தயக்கம் குறைந்திருக்கிறது. கார்த்திகையில் நல்லூர் சங்கிலியன் பூங்காவில் 'கார்த்திகை வாசம்' என்று மலர்க் கண்காட்சியே நடக்கிறது. சனம் குடும்பத்தோடு போய்க் கண்டு வாங்குகிறார்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம். யார் எந்த அர்த்தம் கொடுத்தாலும், மழைக்குக் காத்திருந்து எழும்புகிற இந்தக் கொடி எங்கள் வேலிகளில் இருந்தது, இருக்க வேண்டும்.

கிழங்கைப் பற்றி ஒரு விஷயம். அது இரண்டு கவராக இருக்கும். ஒவ்வொரு கவரின் நுனியிலும் ஒரேயொரு முளைக்கண். தோண்டும்போது அந்த நுனி முறிந்தால் அந்தக் கவர் முளைக்காது. சித்த வைத்தியர்கள் கலப்பைக்கிழங்கு என்று சொல்வார்கள். மாசி பிறக்கக் கொடி மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். அதன்பிறகு ஐப்பசி வரை ஒரு சொட்டுத் தண்ணீர் அந்த இடத்தில் விழக்கூடாது. சாடியில் வைத்திருக்கிறவர்கள் மற்றச் சாடிகளோடு சேர்த்து அதற்கும் பூவாளியால் ஊற்றிவிடுகிறார்கள். கிழங்கு அழுகி அடுத்த கார்த்திகைக்கு ஒன்றும் வராது. நான் அந்தச் சாடிகளைத் தாழ்வாரத்தில் ஓரமாகத் தூக்கி வைத்துவிடச் சொல்வேன். கண்ணில் படாவிட்டால் தண்ணீர் ஊற்றத் தோன்றாது.

மாரியில் தோட்டக்காரருக்குப் பெரிய கரைச்சல் ஆபிரிக்க நத்தை. ஒரே இரவில் பட்டிப்பூ நாற்று முழுவதையும் தின்று முடிக்கும். இரவு எட்டு மணிக்குப் பிறகு ரோச் லைற்றும் உப்புத் தண்ணீர் வாளியும் கொண்டு போய்ப் பொறுக்குவதைத் தவிர வேறு நம்பகமான வழி நான் காணவில்லை. பொறுக்குகிறபோது கைக்குப் பொலித்தீன் உறை போடுங்கள். ஒரு வீட்டுக்காரர் மட்டும் பொறுக்கிப் பயனில்லை, பக்கத்து வளவுக்காரரும் சேர வேண்டும்.

மார்கழியில் திருவெம்பாவை. விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் கேட்கும்போது பெண்பிள்ளைகள் பூப்பெட்டியோடு வேலி வேலியாகப் போவார்கள். அப்போது கிடைப்பது நந்தியாவட்டை, செவ்வரத்தை, பவளமல்லி. மல்லிகை கிடைக்காது. மல்லிகையின் நாள் இன்னும் வரவில்லை.

அந்த நாளைக் கொண்டுவருவது தை மாதத்து வேலை. பொங்கல் முடிந்து மழை ஓய்ந்து வாடைக்காற்று வரண்டு வீசத் தொடங்கியதும் மல்லிகையை வெட்டுவேன். நிலத்திலிருந்து ஒன்றரை அடிக்கு மேலே இருப்பதெல்லாம் போகும். காய்ந்த கொப்பு, நோஞ்சான் கொப்பு, உள்ளே சிக்குப்பட்ட கொப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்ச இலையையும் கையால் உருவிவிடுவேன். பார்க்கிறவர்கள் பதறுவார்கள். "ஐயோ அன்ரி, செத்துப்போகப் போகுது!" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒவ்வொரு வருஷமும் சொல்கிறது. பிறகு அடியில் மண்ணைக் கிளறி மேல்வேர் கொஞ்சம் வெயில் காண விட்டு, தண்ணீரை முற்றாக நிறுத்துவேன். இரண்டு மூன்று கிழமை. செம்மண் நல்ல காய்ச்சல் காய்ந்து வெடிப்பு விடும். அந்தக் காலத்தில் செடிக்குப் புதிதாக இலை விடத் தெம்பு கிடைக்காது. இருக்கிற சத்தைத் தண்டிலேயே வைத்துக்கொண்டிருக்கும். பிறகு ஒருநாள் பழைய மாட்டெருவும் அடுப்புச் சாம்பலும் போட்டு, பாத்தி நிரம்பத் தண்ணீர் விடுவேன். அடுத்தடுத்து விடமாட்டேன். முதல் தண்ணீர்தான் முக்கியம். ஒரு கிழமைக்குள் கணுவுக்குக் கணு துளிர் வரும், ஒவ்வொரு துளிரின் நுனியிலும் மொட்டு. பங்குனி தொடங்கி ஆனி வரை கைக்கொள்ளாத பூ.

இதையே மாமரம் தானாகச் செய்கிறது. கறுத்தக்கொழும்பான் வைத்திருக்கிறவர்கள் கவனித்திருப்பார்கள்: மாரியில் விட்ட கொழுந்து முற்றி, மார்கழி தைக் குளிரும் வரட்சியும் சேர்ந்தால்தான் பூங்கொத்து எறியும். அந்த நேரத்தில் அடியில் தண்ணீர் விட்டால் செக்கச்சிவந்த கொழுந்துதான் வரும், பூ வராது. தையில் காலம் தவறி மழை பெய்தாலோ வந்த பூவும் கறுத்துக் கொட்டும். அந்த வருஷம் சந்தையில் மாம்பழ விலையைக் கேட்கத் தேவையில்லை.

காகிதப்பூவுக்கு இன்னும் இலகுவான வழி. சாடியில் இருந்தால் இலை தொய்யும்வரை தண்ணீர் விடாதீர்கள். தொய்ந்த அன்று விடுங்கள். மறுபடி தொய்யும்வரை பொறுங்கள். இப்படி நாலைந்து முறை செய்தால் பூவுக்குள் இலையைத் தேட வேண்டும். அதற்கு யூரியா போட்டுப் பச்சை பச்சையாக வளர்த்துவிட்டு வந்து நிற்கிறவர்களிடம் சொல்கிற பதிலும் மல்லிகைக்காரருக்குச் சொல்கிற அதே பதில்தான். யூரியாவைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பதற்கு எங்கள் தோட்டங்களில் கொட்டிய பசளைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மேலே போடுவது கல்வெடிப்பால் நேரே கிணற்றுக்குத்தான் போகிறது. 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது வெங்காயமும் புகையிலையும் போட்டவர்கள் பட்ட பாட்டை நான் கண்ணால் கண்டேன். அப்படி ஒரே நாளில் நிறுத்தியது அநியாயம். ஆனால் வீட்டு முற்றத்துப் பூமரத்துக்கு யூரியா என்றைக்கும் தேவைப்பட்டதில்லை. பூவரசங்குழையும் ஆட்டெருவும் போதும்.

பங்குனி சித்திரையில் ஊரே பூவாக இருக்கும். வெயில் மண்டையைப் பிளக்கிற அந்த நேரத்தில்தான் வேம்பு பூக்கிறது, கொன்றை இலையைக் கொட்டிவிட்டுச் சரம் சரமாகத் தொங்குகிறது. வேப்பமரத்தின் கீழே பழஞ்சேலையை விரித்துவிட்டால் விடிய அள்ளலாம். காயவைத்து, உழுத்தம்மாவும் செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்து வடகம் போடுவோம். மழைக்காலத்தில் சோற்றோடு பொரித்துத் தின்னும்போது அதன் கசப்பு தனி ருசி. வருஷப்பிறப்புக்கு மருத்துநீர் காய்ச்சக் கோயிலிலிருந்து ஆட்கள் வருவார்கள்: மாதுளம்பூ இருக்கிறதா, துளசி இருக்கிறதா, வில்வம் இருக்கிறதா. தாமரைப்பூவும் தாழம்பூவும் வேறு இடத்தில் தேட வேண்டும். அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் தலைக்கு எந்த இலை, காலுக்கு எந்த இலை என்று சொல்லும். அதற்கு ஏற்ப மரம் வைத்திருக்கிற வீடுகளுக்கு அன்று மதிப்பு.

செவ்வரத்தையும் எக்ஸோறாவும் இந்தக் கோடையில் வேறொரு தொல்லை கொடுக்கும். புதிய இலை வெளிறி மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். எரு போதவில்லை என்று நினைத்துச் சனம் மேலும் மேலும் போடுகிறார்கள். மண்ணில் சத்து இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பு இரும்புச்சத்தைச் செடி எடுக்க விடாமல் பூட்டி வைக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு. மாரியில் பீலித்தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்து இந்தச் செடிகளுக்கு மட்டும் விட்டால் இலை மீண்டும் பச்சையாகும். இலைச்சருகு உக்கிய மண்ணை அடியில் தடிப்பாகப் போடுவதும் உதவும். கடையில் இரும்புச்சத்துத் தூளும் விற்கிறார்கள்; அவசரத்துக்கு அதுவும் சரி.

வைகாசியிலிருந்து சோளகம். தென்மேற்கிலிருந்து மழை தராமல் வீசுகிற வரண்ட காற்று. நாலு மாதம் ஓயாது. மலைநாட்டிலிருந்து லொறியில் வருகிற ரோசாக்கண்டுகள் சாகிற காலம் இதுதான். வேலி அடைப்பதற்கு இருந்த பழைய அர்த்தம் இப்போது மறந்துபோய்விட்டது. பனையோலையாலும் கிடுகாலும் அடைத்த உயர்ந்த வேலி, மறைப்புக்கு மட்டும் இருக்கவில்லை. காற்றை வடித்து உள்ளே விட்டது. மதில் காற்றை வடிக்காது. மேலே ஏறிச் சுழன்று முற்றத்தில் விழுந்து செடியை முறிக்கும். மதில் கட்டின வீட்டுக்காரர்களுக்கு நான் தென்மேற்கு மூலையில் ஒரு வரிசை அலரியோ நந்தியாவட்டையோ முதலில் நடச் சொல்வேன். மற்றப் பூவெல்லாம் அதற்குப் பிறகு.

நல்லூர்த் திருவிழா ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறும். 25 நாள். வெளிநாட்டிலிருந்து சனம் வந்து இறங்குகிற காலமும் அதுதான். கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் பூக்கண்டு வாங்க வருவார்கள். வியாபாரத்துக்கு நல்ல மாதம். நடுகைக்கு மிக மோசமான மாதம். கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போயிருக்கும், சோளகம் வீசிக்கொண்டிருக்கும், வாங்கினவர் ஒரு கிழமையில் விமானம் ஏறிவிடுவார். "இப்ப காசைத் தந்திட்டுப் போங்கோ, ஐப்பசி மழையோட நானே கொண்டுபோய் நட்டு விடுறன்" என்று சொல்வேன். பலர் சம்மதிப்பார்கள். அப்படி நட்ட கண்டுகள் பூட்டிக் கிடக்கிற பல வீடுகளின் முற்றத்தில் இன்று மரமாகி நிற்கின்றன.

பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு எந்தச் செடி சரி என்பதை நாங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி, மழைக்குள் செம்மணி, நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. நாங்களும் போனோம். அம்மா துணிப்பையோடு ஒரு பால்மாப் பேணியில் துளசிக்கண்டையும் எடுத்துக்கொண்டார். மற்றதெல்லாம் அப்படியே கிடந்தது. அடுத்த வருஷம் சித்திரைக் கடைசியில் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையில் பாதி இல்லை. முற்றத்தில் ஆளுயரப் புல் காய்ந்து நின்றது. மாரிக்குப் பிறகு ஒரு வாளித் தண்ணீர் விட ஆளிருக்கவில்லை. ரோசா எல்லாம் செத்திருந்தது. அந்தூரியம் இருந்த இடத்தில் பொச்சுமட்டையும் ஓட்டுத்துண்டும் மட்டும். குரோட்டன் சுள்ளி. ஆனால் நந்தியாவட்டை நின்றது, அலரி நின்றது, பட்டிப்பூ நாங்கள் வைக்காத இடமெல்லாம் முளைத்துக் கிணற்றுக் கட்டின் வெடிப்பில்கூடப் பூத்திருந்தது. மல்லிகைப் பந்தலை ஏதோ ஒன்று மோதிச் சரித்துவிட்டிருந்தது. ஆடோ மாடோ கொப்பையெல்லாம் கடித்துவிட்டிருந்தது. அந்தக் கிழமை சித்திரைச் சிறுமழை ஒன்று பெய்தது. பத்துப் பதினைந்து நாளில் அந்தச் சரிந்த பந்தல் வெள்ளையாகிவிட்டது. அப்படியொரு பூவை அதற்கு முதல் அந்தச் செடியில் நாங்கள் கண்டதில்லை. அம்மா நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "பார் பிள்ளை, நாங்கள் அதை நிம்மதியாய் விடேல்லை. இவ்வளவு நாளும் தண்ணியை ஊத்தி ஊத்தி நித்திரை கொள்ள விடேல்லை."

ஆடு கடித்ததும், மாரிக்குப் பிறகு தண்ணீர் இல்லாமல் கிடந்ததும், பிறகு ஒரே மழையும். நான் தையில் செய்கிற வேலை முழுவதும் அந்த மூன்றின் நகல்தான். பிற்பாடு விவசாயத் திணைக்களத்துத் துண்டுப் பிரசுரம் ஒன்றில் மல்லிகைக் கத்தரிப்பைப் பற்றிப் படித்தபோது அதே ஒழுங்கைக் கண்டேன்.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற சித்தியின் மகள் ஒருநாள் தொலைபேசியில் படம் காட்டினாள். வரவேற்பறை ஜன்னலில் பெரிய சாடி, கரும்பச்சை இலையோடு மல்லிகை, ஒரு மொட்டில்லை. வெளியே பனி. "அக்கா, குளிருக்கு உள்ளை வச்சு ஒவ்வொரு நாளும் தண்ணி விட்டு, மருந்தும் போட்டுப் பாக்கிறன்." அங்கே சோளகமும் இல்லை, தை வரட்சியும் இல்லை. ஆனால் அந்தச் செடிக்கு ஓய்வு கொடுக்க அவர்களிடம் பனிக்காலம் இருக்கிறது. ஹீற்றருக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, வீட்டுக்குள் குளிர்ச்சியான, வெளிச்சமான இடத்தில் வைக்கச் சொன்னேன். உறைகிற குளிர் படக்கூடாது. மண் மேலே நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் கொஞ்சம் தண்ணீர். பசளை வேண்டாம். மாசிக் கடைசியில் பாதிக்கு வெட்டு. பனி ஓய்ந்து வெளியே வைக்கிற நாளில் நிறையத் தண்ணீரும் எருவும். வெட்டச் சொன்னதற்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் போலவே பதறினாள். வெட்டினாள். ஆடி மாதம் அனுப்பிய படத்தில் அவளுடைய மகளின் பின்னலில் சரம் இருந்தது.

இப்போது பட்டிப்பூவுக்கும் ஆசைப்படுகிறாள். திருவிழாவுக்கு வரும்போது விதை கொண்டுபோகவா என்று கேட்டாள். தேவையில்லை என்றேன். அங்கே கோடை தொடங்கும்போது தோட்டக் கடைகளில் 'வின்கா' என்ற பேரில் தட்டுத் தட்டாக விற்பார்கள். வெயில் படுகிற இடத்தில் வைத்தால் குளிர் தொடங்கும்வரை பூக்கும், ஓய்வு கேட்காது. அவளுடைய மாகாணத்தில்தான், லண்டன் நகரிலுள்ள மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில், றொபேட் நோபிளும் சார்ள்ஸ் பியரும் 1950களில் இந்தச் செடியின் இலையிலிருந்து வின்பிளாஸ்ரின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள் என்பதையும் சொன்னேன். எங்கள் கிணற்றுக் கட்டில் தானாக முளைக்கிற பூவா என்று நம்பாமல் கேட்டாள். அதேதான். வேண்டுமானால் பிள்ளைக்கும் சொல்லிக்கொடு என்றேன், ஆனால் இலையை வாயில் வைக்க விடாதே.